சாவி யாரிடம் இருக்கிறது?

கல்வியாண்டு தொடங்கும் வாரத்தில் பள்ளி மருத்துவ அறைக்கு வரும் பெற்றோரில் சிலர் கையில் ஒரு பையோடு வருவார்கள். அலர்ஜி மருந்து, மருத்துவர் கையெழுத்திட்ட படிவம், பிள்ளையின் புகைப்படம் எல்லாவற்றையும் என் மேசைமேல் எடுத்துவைப்பார்கள். கிளம்பும்போது, "பத்திரமாகப் பூட்டி வைத்துக்கொள்வீர்கள் அல்லவா, சிஸ்டர்?" என்று கேட்பார்கள். அக்கறையில் பிறக்கும் கேள்விதான். ஆனால் பள்ளிச் செவிலியராக வேலை பார்க்கும் எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். உயிர் காக்கும் ஊசியை யார் வேண்டுமானாலும் ஒரு நிமிடத்தில் எடுக்கும்படி வைத்திருக்கிறீர்களா என்று ஒருவராவது கேட்க மாட்டார்களா என்று ஏங்குவேன்.

மருந்தைப் பூட்டி வைக்கும் விதி காரணமில்லாமல் வந்ததில்லை. கவனக்குறைபாட்டுக்குத் தரப்படும் மாத்திரைகள், வலி மாத்திரைகள், வலிப்பு மாத்திரைகள் எல்லாம் பள்ளியில் இருக்கின்றன. அவற்றில் சில தவறான கைகளுக்குப் போனால் ஆபத்து. குறித்த நேரத்துக்குப் பிள்ளை வருவான், நான் அலமாரியைத் திறந்து ஒரு மாத்திரையைக் கொடுத்து, பதிவேட்டில் எழுதிவிட்டுப் பூட்டுவேன். இதில் அவசரம் எதுவும் இல்லை. சிக்கல் எங்கே வருகிறது என்றால், தீவிர அலர்ஜியில் உயிர் காக்கும் அட்ரினலின் ஊசியும் மருந்துதானே என்று அதே அலமாரிக்குள், அதே பூட்டுக்குள் தள்ளும்போதுதான். நான் இன்னொரு பள்ளிக்குப் போயிருக்கும் நாளில் அந்தச் சாவி என் கைப்பையில் பயணம் செய்யும். முழுநேரச் செவிலியர் இல்லாத அரசுப் பள்ளிகள் உலகெங்கும் உண்டு. ஒருவரே பல பள்ளிகளைப் பார்த்துக்கொள்வதும் உண்டு. பள்ளியில் மருந்து இருக்கிறது என்று கோப்பு சொல்லும். அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் அதை எடுக்க முடிந்தவர் ஒருவரும் இருக்க மாட்டார்.

அனாஃபிலாக்சிஸ் என்னும் தீவிர ஒவ்வாமை எவ்வளவு வேகமானது என்பதை ஓர் ஆய்விலிருந்து சொல்கிறேன். ஒவ்வாமையால் நேர்ந்த மரணங்களைப் பிரிட்டனில் ஒன்றுதிரட்டி ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். உணவால் ஒவ்வாமை வந்து இறந்தவர்களில் பாதிப் பேருக்கு 30 நிமிடத்துக்குள் மூச்சோ இதயமோ நின்றிருந்தது. குளவி, தேனீ கொட்டி இறந்தவர்களில் பாதிப் பேருக்கு 15 நிமிடம்தான் கிடைத்திருந்தது.

முப்பது நிமிடம் என்பது போதுமான நேரமாகத் தோன்றலாம். பள்ளிக்குள் அது எப்படிக் கரைகிறது என்று பாருங்கள். பிள்ளைக்கு ஏதோ செய்கிறது. அவள் முதலில் தோழியிடம் சொல்கிறாள். தோழி டீச்சரிடம் சொல்கிறாள். "தண்ணீர் குடித்துவிட்டுச் சற்று உட்கார்" என்கிறார் டீச்சர். பத்து நிமிடம் கழித்து உடம்பில் தடிப்பு தெரிகிறது. அவளை அலுவலகத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே அம்மாவின் எண்ணைத் தேடி அழைக்கிறார்கள், அம்மா எடுப்பதில்லை. அப்பாவை அழைக்கிறார்கள். பிறகுதான் யாரோ மருத்துவ அறைக்கு ஓடுகிறார்கள். கதவு பூட்டியிருக்கிறது. இதில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. எல்லோரும் தமக்குத் தெரிந்ததைச் செய்தார்கள், அரை மணி நேரம் போய்விட்டது.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2003ஆம் ஆண்டு செப்டம்பரில் சப்ரினா ஷானன் என்ற 13 வயது மாணவி பள்ளி உணவகத்தில் வறுத்த உருளைக்கிழங்கு சாப்பிட்டாள். அவளுக்குப் பால் பொருள்கள் ஆகாது. உருளைக்கிழங்கில் பால் இல்லை. பரிமாறிய இடுக்கியில் பாலாடைக்கட்டியின் மிச்சம் ஒட்டியிருந்திருக்க வேண்டும் என்றுதான் பிறகு கருதப்பட்டது. மூச்சுத் திணறியபோது அவள் ஆஸ்துமா என்று நினைத்தாள். அவளுக்கான ஊசி பள்ளியில்தான் இருந்தது, அவளுடைய பெட்டகத்தில். அதை எடுத்துவர ஆசிரியர் ஓடினார். ஊசி வந்து சேர்வதற்குள் நிலைமை கைமீறிவிட்டது. அவள் பெயரால் 2005இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டு 2006 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வாமை உள்ள ஒவ்வொரு மாணவருக்கும் தனித் திட்டம், ஊழியர்களுக்குத் தவறாத பயிற்சி என்று அது பள்ளி நிர்வாகங்களைக் கட்டாயப்படுத்துகிறது. அவசரத்தில் நல்லெண்ணத்தோடு ஊசி போட்ட ஊழியருக்குச் சட்டப் பாதுகாப்பும் தருகிறது. ஆசிரியர்களுக்கு நான் பயிற்சி தரும்போதெல்லாம் அவளைப் பற்றிச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறேன். அவளிடம் மருந்து இருந்தது என்பதை இரண்டு முறை சொல்வேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உடம்பு சரியில்லாத மாணவரை மருத்துவ அறைக்கு நடத்தி அனுப்புவது எல்லாப் பள்ளிகளிலும் பழக்கம். ஒவ்வாமையில் அதைச் செய்யவே கூடாது. அந்த நேரத்தில் ரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன, அவற்றிலிருந்து நீர் கசிகிறது, ரத்தம் காலில் தேங்குகிறது. எழுந்து நின்றால் இதயத்துக்குத் திரும்ப வேண்டிய ரத்தம் சட்டென்று குறைந்துபோகும். படுத்திருந்தவரை எழுப்பி உட்கார வைத்த, நிற்க வைத்த கணத்தில் இதயம் நின்றுபோன நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. பிள்ளையை அங்கேயே படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறினால் காலை நீட்டி உட்காரலாம். வாந்தி வந்தால் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். மருந்து பிள்ளையைத் தேடி வர வேண்டும். மைதானத்தின் மறுகோடியில் இருக்கும் பிள்ளையிடம் ஓடிவந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பதை வைத்துத்தான் மருந்தின் இடத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

சின்னப் பிள்ளைகள் "எனக்கு அலர்ஜி வந்திருக்கிறது" என்று சொல்ல மாட்டார்கள். "மிஸ், என் நாக்கில் முடி ஒட்டியிருக்கிறது" என்பார்கள். "காதுக்குள்ளே பூச்சி ஊர்கிறது." "தொண்டையில் என்னமோ மாட்டிக்கொண்டது." "வாய் சுடுகிறது." சிலர் ஒன்றும் சொல்லாமல் நாக்கைச் சுரண்டிக்கொண்டிருப்பார்கள், அல்லது குரல் திடீரென்று கரகரத்துப் போகும். துருதுருவென்று இருக்கும் பிள்ளை காரணமில்லாமல் பயந்து ஒட்டிக்கொண்டு நிற்கும். இவை ஆசிரியருக்குத் தெரிந்திருந்தால் ஐந்து நிமிடமாவது மிச்சமாகும். தோலில் தடிப்பு வரட்டும் என்று காத்திருப்பதும் தவறு. தடிப்பே இல்லாமல் வருகிற தீவிர ஒவ்வாமையும் உண்டு. வயிற்று வலியும் வாந்தியும் மட்டுமே முதலில் தெரியலாம்.

அடுத்த தாமதம், "முதலில் மாத்திரை கொடுத்துப் பார்ப்போம்" என்பது. செடிரிசின் போன்ற ஆன்டிஹிஸ்டமின் வகை அலர்ஜி மாத்திரைகள் அரிப்பையும் தடிப்பையும் தணிக்கும். அதற்கும் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் பிடிக்கும். வீங்கும் தொண்டையை அவை திறப்பதில்லை, விழும் ரத்த அழுத்தத்தைத் தூக்குவதில்லை. அட்ரினலின் இவற்றையெல்லாம் ஒன்றாகச் செய்கிறது. விரிந்த ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, இறுகிய மூச்சுக் குழாய்களைத் தளர்த்துகிறது, ஒவ்வாமையைக் கிளப்பும் செல்கள் மேலும் ரசாயனங்களைக் கொட்டாமல் தடுக்கிறது. சில நிமிடங்களில் வேலை செய்யத் தொடங்கிவிடும். பெட்டியில் எபிநெஃப்ரின் என்று எழுதியிருந்தாலும் அதேதான், குழம்ப வேண்டாம். ஆஸ்துமாவும் அலர்ஜியும் சேர்ந்து உள்ள பிள்ளைக்கு இன்ஹேலரைத்தான் முதலில் நீட்டத் தோன்றும். தீவிர ஒவ்வாமை என்ற சந்தேகம் இருந்தால் ஊசி முதலில், இன்ஹேலர் பிறகு. தேவையில்லாமல் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், முகம் வெளிறும், சிறிது நேரத்தில் அடங்கும். போட வேண்டிய நேரத்தில் போடாமல் விட்டால் நேரக்கூடியதோடு இதை ஒப்பிடவே முடியாது.

அழுத்தினால் ஊசி தானாக ஏறும்படி, பேனா வடிவக் கருவியில் அட்ரினலினை அடைத்துத் தருகிறார்கள். பயிற்சிக்கென்று ஊசியும் மருந்தும் இல்லாத போலிப் பேனா ஒன்று கிடைக்கிறது. பயிற்சி நாளில் அதைக் கையில் கொடுத்ததும் முக்கால்வாசிப் பேர் பேனா பிடிப்பது போலவோ, மேல்முனையில் கட்டைவிரலை வைத்தோ பிடிப்பார்கள். அந்தக் கட்டைவிரலைத்தான் நான் முதலில் எடுத்துவிடுவேன். பதற்றத்தில் பேனாவைத் தலைகீழாகப் பிடித்துவிட்டால் ஊசி பிள்ளையின் தொடையில் ஏறாது, போடுபவரின் கட்டைவிரலில் ஏறும். முழுக் கையால், முஷ்டியாகப் பிடிக்க வேண்டும். எபிபென் என்ற வகைப் பேனா என்றால் நீல மூடியைக் கழற்றிவிட்டு, ஆரஞ்சு முனையைத் தொடையின் வெளிப்புறத்தில், நடுப்பகுதியில் வைத்துச் சொடக்கும் சத்தம் கேட்கும்வரை அழுத்த வேண்டும். மூன்று எண்ணும்வரை அப்படியே பிடித்திருக்க வேண்டும். உடுப்பைக் கழற்ற வேண்டியதில்லை, துணிக்கு மேலேயே போடலாம். உடுப்பின் பையில் தடிமனாக ஏதாவது இருந்தால் மட்டும் எடுத்துவிட வேண்டும். பிள்ளையின் காலை இன்னொரு கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஊசி ஏறும்போது பிள்ளை காலை உதறினால் கிழிந்துவிடும். எல்லோரும் முதல் முறை பயந்து பயந்து மெல்ல வைப்பார்கள். சத்தம் வராது. இரண்டாம் முறை பலமாக அழுத்தியதும் சத்தம் கேட்கும், முகத்தில் ஒரு தெளிவு வரும். அந்தச் சத்தத்தை வாழ்க்கையில் ஒருமுறையாவது கேட்டவர்தான் நெருக்கடியில் தயங்காமல் அழுத்துவார். படம் காட்டியோ கையேட்டைப் படித்தோ அது வராது. ஆகவே உணவகத்தில் பரிமாறுபவர், அலுவலக எழுத்தர், பஸ் ஓட்டுநர், காவலாளி, துப்புரவுப் பணியாளர் என்று எல்லோர் கையிலும் அந்தப் போலிப் பேனா ஒருமுறை போய்வர வேண்டும் என்று நான் பிடிவாதமாக நிற்கிறேன்.

ஊசி போட்டதும் ஆம்புலன்ஸ். பிள்ளை தெளிந்துவிட்டாள் என்று வகுப்புக்கு அனுப்புவது கூடாது. மருந்தின் வேகம் குறைந்ததும், சில சமயம் பல மணி நேரம் கழித்தும், ஒவ்வாமை திரும்பி வரலாம். ஐந்து நிமிடத்தில் தேறவில்லை என்றால் இரண்டாவது ஊசி. ஒருவருக்கு இரண்டு பேனா வைக்கச் சொல்வது இதற்காகத்தான். பயன்படுத்திய பேனாவையும், போட்ட நேரத்தையும் ஆம்புலன்ஸில் வருபவரிடம் கொடுக்க வேண்டும்.

மீதி நாள்களில் என் வேலை பெரும்பாலும் எழுத்து வேலைதான். அலர்ஜி வந்தால் என்ன செய்வது என்று மருத்துவர் எழுதித் தரும் செயல்திட்டத்தில் பிள்ளையின் எடை எழுதப்பட்டிருக்கும். 15 முதல் 30 கிலோ வரை 0.15 மில்லிகிராம் பேனா, அதற்கு மேல் 0.3 என்பது பல நாடுகளில் உள்ள வழக்கம். சில நாடுகளில் 25 கிலோவிலேயே மாற்றிவிடுகிறார்கள். பிள்ளைகள் ஒரு கோடை விடுமுறையில் சட்டென்று வளர்ந்துவிடுகிறார்கள். வீட்டில் உள்ள பேனா மாறியிருக்கும், பள்ளியில் உள்ளது பழைய அளவாகவே கிடக்கும். அதனால் அலர்ஜிப் பிள்ளைகள் எல்லோரையும் ஆண்டுத் தொடக்கத்தில் நானே தராசில் நிறுத்தி எடை பார்த்துவிடுகிறேன். காலாவதி தேதி இன்னொரு தலைவலி. வாங்கிய நாளிலிருந்து ஓர் ஆண்டு, ஒன்றரை ஆண்டுதான் வரும் என்பதால் கல்வியாண்டின் நடுவில் முடிந்துபோகும். பேனாவின் பக்கத்தில் ஒரு சிறு கண்ணாடிச் சாளரம் இருக்கும். அதன் வழியே தெரியும் மருந்து தண்ணீர் போலத் தெளிவாக இருக்க வேண்டும். பழுப்பேறியிருந்தாலோ கலங்கியிருந்தாலோ மாற்ற வேண்டும். 20 முதல் 25 டிகிரி செல்சியஸில் வைக்கச் சொல்கிறார்கள். குளிர்ப்பெட்டியில் வைக்கக் கூடாது, வெயிலில் நிற்கும் பஸ்ஸிலோ சன்னலோரத்திலோ விடக் கூடாது.

இதுவரை சொன்னது மருந்து கொண்டுவந்து கொடுக்க முடிந்த வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி. அரசுப் பள்ளி எல்லோருக்கும் கதவு திறந்திருக்கும் இடம். மருத்துவரைப் பார்க்கவே வழியில்லாத வீட்டுப் பிள்ளையும் அதே வகுப்பில்தான் இருக்கிறாள். அட்ரினலின் பழைய மருந்து. 1901இலேயே பிரித்தெடுத்தாகிவிட்டது, மலிவானது. அதை அடைத்துத் தரும் தானியங்கிப் பேனாதான் விலை உயர்ந்தது. அமெரிக்காவில் இரண்டு எபிபென் கொண்ட ஒரு பெட்டியின் பட்டியல் விலை 600 டாலரைத் தாண்டியபோது, 2016இல் அந்நாட்டு நாடாளுமன்றக் குழுவே நிறுவனத் தலைவரை வரவழைத்துக் கேள்வி கேட்டது. வீட்டுக்கு ஒரு பெட்டி, பள்ளிக்கு ஒரு பெட்டி, ஆண்டுதோறும் புதிது என்றால் எத்தனை குடும்பங்களால் முடியும்? தனக்கு அலர்ஜி இருப்பதே தெரியாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். பள்ளிகளில் அட்ரினலின் போடப்பட்ட நிகழ்வுகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றில் அந்த நபருக்கு ஒவ்வாமை இருப்பது அதற்குமுன் பள்ளிக்குத் தெரியாது என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. அந்தப் பிள்ளைக்குச் செயல்திட்டம் இருக்காது, பேனாவில் பெயர் இருக்காது.

2012 ஜனவரியில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, விளையாட்டு இடைவேளையில் சக பிள்ளை கொடுத்த நிலக்கடலையைத் தின்று இறந்துபோனாள். அவளுக்குப் போட ஊசி அங்கே இல்லை. யாருடைய பெயரும் எழுதாத பொதுப் பேனாக்களை எல்லா அரசுப் பள்ளிகளும் வைத்திருக்க வேண்டும் என்று அந்த மாநிலம் அதே ஆண்டில் சட்டம் கொண்டுவந்தது. அப்படி விதி செய்யும் மாநிலங்களுக்கு நிதியுதவியில் முன்னுரிமை தரும் மத்தியச் சட்டம் 2013 நவம்பரில் வந்தது. பிரிட்டனில் 2017 அக்டோபர் முதல், மருத்துவரின் சீட்டு இல்லாமலே அவசரத்துக்கென்று பேனாக்களை வாங்கி வைக்கப் பள்ளிகளுக்கு அனுமதி உண்டு. அனுமதி இருப்பதும் வாங்கி வைப்பதும் வேறு வேறு. நிதி ஒதுக்காமல் அனுமதி மட்டும் கொடுத்தால் வசதியுள்ள பள்ளி வாங்கும், வசதியற்ற பள்ளி தள்ளிப்போடும். தீயணைப்புக் கருவிக்கு நாம் மாணவர்களிடம் பணம் வசூலிப்பதில்லை. இதற்கும் வசூலிக்கக் கூடாது, கட்டாயமாக்கிவிட்டு அரசே வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பதே என் கருத்து. மூக்கில் அடிக்கும் அட்ரினலின் ஸ்பிரேவுக்கு அமெரிக்காவில் 2024 ஆகஸ்டில் ஒப்புதல் கிடைத்திருக்கிறது. குறைந்த எடையுள்ள பிள்ளைகளுக்கான அளவு 2025இல் வந்தது. ஊசி என்றாலே ஒதுங்குகிற ஊழியர்களுக்கு அது கைகொடுக்கும் என்று எதிர்பார்க்கிறேன். அதையும் பூட்டி வைத்தால் பயனில்லை.

உயிருக்கு ஆபத்தில்லாத, ஆனால் படிப்பைத் தின்கிற அலர்ஜியும் இருக்கிறது. மகரந்தம் பறக்கும் பருவத்தில் மூக்கு ஒழுக, கண் சிவக்க வருகிற பிள்ளைகளுக்குச் சில வீடுகளில் தூக்கம் வரவழைக்கும் பழைய வகை மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். பிரிட்டனில் மாணவர்களிடம் செய்து 2007இல் வெளியான ஓர் ஆய்வில், மகரந்த ஒவ்வாமை தலைதூக்கியிருந்தவர்கள் பொதுத் தேர்வில் தரம் ஒரு படி இறங்குவது மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. தூக்கம் தரும் வகை ஆன்டிஹிஸ்டமின் எடுத்தவர்களிடம் அது இன்னும் கூடுதலாக இருந்தது. காலை வகுப்பில் ஒரு பிள்ளை தொடர்ந்து தூங்கினால் சோம்பேறி என்று திட்டுவதற்குமுன் என்ன மாத்திரை என்று கேட்கச் சொல்லி ஆசிரியர்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன். தூக்கம் தராத வகைகள் இருக்கின்றன. மருத்துவரிடம் மாற்றிக் கேட்டால் போதும்.

வளர்ந்த பிள்ளைகள் பேனாவைத் தாங்களே சுமப்பது நல்லது. அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் இன்று அதற்கு அனுமதி இருக்கிறது. உணவு ஒவ்வாமையால் இறப்பவர்களில் பதின்வயதினரும் இளைஞர்களுமே அதிகம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. வெட்கத்தால் பேனாவை வீட்டில் விட்டு வருகிறார்கள், மூச்சு முட்டினால் யாருக்கும் தெரியாமல் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். அவர்களிடம் மிரட்டிப் பயனில்லை. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம், "உன் நெருங்கிய தோழியைக் கூட்டிக்கொண்டு வா, அவளுக்கு நான் சொல்லித்தருகிறேன்" என்றேன். தோழி மூன்று பேரோடு வந்து நின்றாள். போலிப் பேனாவை ஒருவர் தொடையில் ஒருவர் குத்திப் பழகினார்கள். அதற்குப்பின் அவள் பை எங்கே இருக்கிறது என்பது அந்த நால்வருக்கும் எப்போதும் தெரிந்திருந்தது.

எனக்கு மிகவும் பயம் தருவது பள்ளி மணி அடித்தபின் வரும் மணி நேரங்கள். விளையாட்டுப் பயிற்சி, ஆண்டுவிழா ஒத்திகை, மாலை வகுப்பு. அலுவலகம் மூடியிருக்கும், நான் கிளம்பியிருப்பேன், பிள்ளைகள் தின்பண்டத்தைப் பகிர்ந்துகொண்டிருப்பார்கள். பயிற்சியாளர் வெளியிலிருந்து வந்தவர், பள்ளியின் பயிற்சிப் பட்டியலில் அவர் பெயரே இருக்காது. ஆசிரியர் விடுப்பில் போகும் நாளில் வரும் மாற்று ஆசிரியருக்கும் இதே நிலைதான். சுற்றுலா பஸ் கிளம்பும்போது உணவுப் பொட்டலங்களை எண்ணுகிறார்கள், மருந்துப் பையை எண்ணுவதில்லை.

எங்கள் பள்ளியில் இப்போது அட்ரினலின் பேனாக்கள் பூட்டில்லாத பெட்டியில், உணவகத்தின் நுழைவாயில் சுவரில், பெரியவர் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கின்றன. திறந்தால் மணி அடிக்கும். பிள்ளைகள் எடுத்து விளையாடுவார்கள் என்று கூட்டத்தில் எதிர்ப்பு வந்தது. இன்றுவரை ஒருவரும் தொட்டதில்லை. மைதானத்துக்கும் இப்படி ஒரு பெட்டி கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன், அனுமதி இன்னும் வரவில்லை. அதுவரை விளையாட்டு ஆசிரியரின் விசில் தொங்கும் அதே கொக்கியில் ஒரு சிவப்புப் பை தொங்குகிறது. விசிலை எடுக்கும்போது பையையும் எடுத்தாக வேண்டும் என்பது எங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. இந்தக் கல்வியாண்டில் உங்கள் பிள்ளையின் மருந்தைக் கொடுக்கப் போகும்போது, அதை எங்கே வைக்கிறார்கள் என்று கேட்டு அந்த இடத்திலிருந்து உணவகத்துக்கும் மைதானத்துக்கும் நடந்து பாருங்கள். செவிலியர் இல்லாத நாளில் அதை எடுத்து வரப்போகிறவர் யார் என்று பெயர் கேளுங்கள். அவரைப் பார்த்துப் பேசிவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.